அஞ்சு கட்டமும் ஒரு கம்மாயும்

அந்தத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடி தாயி. கிட்டக்க வச்சா எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது. ஆங், இப்பத் தெரியுது. "சுற்றுச்சூழல் பணியில் ஈடுபட உங்களைத் தூண்டுவது எது? பொருத்தமான கட்டத்தில் டிக் செய்யவும்." அஞ்சு கட்டம் போட்டிருக்க. இயற்கை மேல் அன்பு, வருங்காலத் தலைமுறை, சமூகப் பொறுப்பு, வருமானம், பிற.

இந்தப் 'பிற' இருக்கு பாரு, எங்க ஊரு மொத்தமும் அதுக்குள்ளதான் குடியிருக்கு. அதுக்கு நீ விட்டிருக்கிற எடமோ அரை விரக்கடை.

கோவிச்சுக்காத, மோரைக் குடி. பஸ்ஸுக்காரன் நம்ம விலக்குல நிக்காமப் போயி, வெயில்ல திரும்பி நடந்து வந்திருக்க. அவன் எப்பவுமே நிக்கமாட்டான். அவனை எந்தக் கட்டத்துலயும் அடைக்க முடியாது.

எழுபத்தெட்டு வயசாச்சு எனக்கு. 'சுற்றுச்சூழல்'ங்கிற சொல்லை எங்கய்யா வாயில நான் கேட்டதே இல்ல. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கம்மாய், கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால், உள்வாய், மந்தை, கோயில்காடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு இருந்தான், ஒரு சண்டையும் இருந்துச்சு. சுற்றுச்சூழலுக்காக எவனும் மண்டையை ஒடச்சுக்கிட்டதா நான் கேள்விப்படல. வரத்துக்கால்ல ஒரு சாண் வெட்டி வயலோட சேத்துக்கிட்டான்னு ஒடஞ்ச மண்டை எங்க தெருவுலயே மூணு இருக்கு. ஒருத்தன் எதுக்காக மம்பட்டி எடுப்பான்னு நீ கேக்குற. அவன் எதுக்காகக் கம்பு எடுப்பான்னு முதல்ல கேளு. பாதிக்கு மேல வேலை முடிஞ்சிரும்.

இங்கிருந்து கொஞ்சம் தள்ளித்தான் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்னு போர்டு பாத்திருப்ப. 1977ல சர்க்கார் அறிவிச்சது. மூணு கம்மாய். உள்ளுக்குள்ள நிக்கிற மரத்துல நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கான்னு மழைக்காலத்துல வந்து கூடு கட்டும். அதுக மெரண்டு போயிரக் கூடாதுன்னு அந்த ஊருக்காரக தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. கல்யாணம் காட்சிக்கும் இல்ல. ஒவ்வொரு தீபாவளிக்கும் வனத்துறைக்காரக இனிப்பு வாங்கிக் குடுத்துட்டுப் போவாக, பேப்பர்ல போட்டோ வரும்.

நீ போய்க் கேட்டா 'பறவையெல்லாம் எங்க புள்ளைக மாதிரி'ம்பாக. பொய்யில்ல. ஆனா அது மைக்குக்குச் சொல்ற பதில். பேனாவை மூடி வச்சுட்டு, ரெண்டாவது டீ குடிக்கிறப்போ கேட்டாத்தான் உள்ள கெடக்கிறது வெளிய வரும். வெடி போடாத ஊருன்னு வெளியூர்ல ஒரு பேரு வந்திருச்சுல்ல, இனி அதை எவன் கெடுப்பான்? பொண்ணு பாக்கப் போற எடத்துல கூட அதைச் சொல்லிக்கலாம். ஒரு இளவட்டம் ஒரே ஒரு சரவெடியைக் கொளுத்துனா அவனுக்கு நாரையால ஒரு கேடும் இல்ல. எதுத்த வீட்டு அப்பத்தா வாய் இருக்கே, அதுக்குத்தான் பயம்.

வேடந்தாங்கல் கதை இன்னும் பழசு. 1700கள் முடியுற சமயம். வெள்ளைக்காரச் சிப்பாய்க வந்து விளையாட்டுக்குப் பறவையைச் சுட்டிருக்கானுக. ஊர்ச்சனம் நேரா செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட போயி மொறையிட்டு, இனி எவனும் சுடக் கூடாதுன்னு கவுல் எழுதி வாங்கிட்டாக. எதுக்கு? ஏரித் தண்ணியில பறவை எச்சம் விழுது. அந்தத் தண்ணி பாஞ்ச வயல்ல பயிரு கருகருன்னு வருது. உரக்கடை இல்லாத காலத்துல வானத்துல இருந்து உரம் விழுந்தா எவன் விடுவான்? அந்த ஏரிக்கு 2022ல 'ராம்சார்'னு உலகப் பட்டம் குடுத்தாக. சந்தோஷம். பட்டம் வாரதுக்கு முந்தி இருநூறு வருஷம் எச்சம்தான் சம்பளம்.

மூஞ்சியைச் சுளிக்கிறியே, ஆதாயத்துக்காகக் காப்பாத்துனா மட்டமா? உங்க தாத்தா உங்க பாட்டியைக் காதலிச்சா கட்டுனாரு? ரெண்டு குழி நஞ்சையும் சேந்து வருதுன்னு கட்டியிருப்பாரு. அப்புறம் அந்தம்மா செத்த அன்னையில இருந்து மூணு நாளு சோறு எறங்காமக் கெடந்திருப்பாரு. அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிப்ப? மொதல்ல வயிறு, பொறவு பழக்கம், பொறவு பாசம். எந்த எடத்துல எது மாறுச்சுன்னு கட்டிக்கிட்டவனுக்கே தெரியாது, உன் தாளுக்கு எப்படித் தெரியும்?

இமயமலைப் பக்கம் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாகளே, சிப்கோ, அதை எம் பேரன் செல்லுல படிச்சுக் காட்டுனான். நானும் என்னமோ மரத்து மேல உள்ள பிரியத்துல ஆரம்பிச்சதுன்னுதான் நெனச்சிருந்தேன். 1973ல நடந்தது என்னன்னா, அந்த ஊருக்காரக ஏர், நொகத்தடி மாதிரி வெவசாயச் சாமான் செய்யக் கொஞ்சம் மரம் கேட்டிருக்காக. காட்டாபீஸ்ல முடியாதுன்னுட்டான். அதே மரத்தை விளையாட்டுச் சாமான் செய்ற வெளியூர்க் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துட்டான். பெறகு சும்மா இருப்பாகளா? 'எனக்கு ஏருக்கு இல்லாத மரம் உனக்கு மட்டைக்கா'ன்னுதான் மொதல்ல எந்திரிச்சது. மறுவருஷம் ரேணி கிராமத்துல ஆம்பளைக ஊர்ல இல்லாத நேரம் பாத்து வெட்ட வந்தப்போ, கௌராதேவின்னு ஒரு அம்மா பொம்பளைகளைக் கூட்டிட்டுப் போயி மறிச்சிருச்சு. அந்தம்மாகிட்ட இந்தத் தாளைக் குடுத்திருந்தா அதாலயே அடுப்பு பத்த வச்சிருக்கும்.

இப்ப நான் சொல்லப் போறது கொஞ்சம் கள்ளத்தனம். எழுதிக்காத, கேட்டுக்க.

2021ல வெவசாயத்துக்குன்னு தனி பட்ஜெட் போட்டாகல்ல, அதுல 76 லட்சம் பனங்கொட்டை குடுக்குறோம்னு அறிவிச்சாக. அதுல எங்க ஊருக்கும் ரெண்டு சாக்கு வந்துச்சு. பஞ்சாயத்தாபீஸ் திண்ணையில மூணு வாரம் கெடந்துச்சு. தலைவர் தண்டோரா போட்டாரு, வாட்சப்புல போட்டாரு, 'பனை நம்ம மாநில மரம்'னு பேசுனாரு. ஒருத்தன் அசையல. ஒரு நா சாயந்தரம் நான் டீக்கடையில போயி ஒக்காந்து, யாருகிட்டயும் சொல்லாத மாதிரி, கிளாஸைப் பாத்துக்கிட்டே சொன்னேன்: "கீழப்பட்டிக்காரன் நேத்தே கரை பூரா ஊண்டி முடிச்சுட்டானாம்ல. நம்ம கொட்டையையும் கேட்டு விட்டிருக்கானாம்."

மறுநா காலையில பாக்கணுமே. கடப்பாரையும் மம்பட்டியுமா கரையில திருவிழாக் கூட்டம். பத்து மணிக்கு ரெண்டு சாக்கும் காலி. அந்தாக்குல கீழப்பட்டியான் எங்க கரையைப் பாத்துட்டு, ரோசம் பொத்துக்கிட்டு, எங்கிட்டோ போயிக் கொட்டை பொறுக்கிட்டு வந்து அவனும் ஊண்டுனான். ஒத்தப் பொய்யி, ரெண்டு ஊருக்குப் பனை. 'பொறாமை'ன்னு ஒரு கட்டம் போடாம நீ என்ன படிச்சு என்ன தாயி?

சாமியையும் விட்டுட்ட. அந்தா தெரியுது பாரு, அய்யனார் கோயில்காடு. வேலி கெடையாது, வாட்ச்மேன் கெடையாது. அதுக்குள்ள வெழுந்து கெடக்கிற சுள்ளியைக் கூட அடுப்புக்கு எடுக்க மாட்டாக. எடுத்தா கண்ணு போயிரும்னு சொல்லுவாக. எம் பேத்தி, காலேஜ் படிக்கிறா, கேட்டா: "இதுவரைக்கும் யாருக்காச்சும் போயிருக்கா தாத்தா?" எப்பிடித் தாயி போகும், ஒருத்தனும் எடுக்கலையே! ஆனா அவ சிரிச்சுட்டா. அவ சிரிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அய்யனாருக்கு இனி சிரமந்தான்னு. அவரு கையில இருந்த பயத்தை எடுத்துட்டு அந்த எடத்துல 'விழிப்புணர்வு'ன்னு பேனர் கட்டுறீக. பேனர் ஆடிக் காத்தைத் தாங்க மாட்டேங்குது.

அந்தக் காலத்து ராசாக்களுக்கு இந்தச் சூது தெரிஞ்சிருக்கு. குளம் வெட்டி, தானம் எழுதிக் கல்லுல பொறிக்கிறப்போ கடைசியில ரெண்டு வரி போடுவாக. இதை அழிச்சவன், கங்கைக்கும் குமரிக்கும் எடையில உள்ளவன் பண்ணுன பாவத்தையெல்லாம் சேத்துச் சொமப்பான். அது மெரட்டல். இதைக் காத்தவன் பாதம் என் தலைமேல. அது மரியாதை. யாரு பாதம்? இன்னும் பொறக்கவே பொறக்காத எவனோ ஒரு மம்பட்டிக்காரன் பாதம். ராசா அவன் காலைத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டாரு. இப்ப நீங்க சால்வை போடுறீக, அதையும் போட்டோ எடுத்ததும் உருவிக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போடுறீக.

உத்திரமேரூர்க் கல்வெட்டுல, பராந்தக சோழன் காலம், ஏரிக்குன்னே ஒரு வாரியம் வச்சிருந்திருக்காக. குடவோலையில பேரெடுத்து ஆளு போட்டிருக்காக. முந்தி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் திரும்ப நிக்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. ஆயிரத்து நூறு வருசமாச்சு. மனுசன் வேலைக்கு வரணும்னா, மண்ணு சொமந்தவன் வீட்டு மாடி எழும்பாம, கணக்கு எழுதுனவன் வீட்டு மாடி மட்டும் எழும்பக் கூடாதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. கணக்கைக் கோயில் சொவத்துல ஒட்டிப் பாரு, கூப்பிடாமயே பத்துப் பேரு வருவான்.

அதுக்காக, பழசெல்லாம் பாலும் தேனுமா ஓடுச்சுன்னு நெனச்சுக்காத. குடிமராமத்து குடிமராமத்துன்னு இப்பப் பெருமையாப் பேசுறாக. 2017 வாக்குல சர்க்காரே அந்தப் பேருல திட்டம் போட்டாக. நான் சின்னப் பையனா இருந்தப்பப் பாத்தது எனக்குத் தெரியும். நெலம் வச்சிருந்தவரு கரையில குடை பிடிச்சு நிப்பாரு. நெலம் இல்லாதவன் உள்ளெறங்கி மண்ணு சொமப்பான். கடைசியில குடை பிடிச்சவரும் குடிமராமத்து பாத்ததாத்தான் கணக்கு. வெள்ளைக்காரன் 1858லயே சட்டம் போட்டுட்டான், வழக்கமா ஊர்ல செய்ற கம்மாய் வேலைக்கு வராதவனைக் கேக்கலாம்னு. எல்லாரும் ஆசையா ஓடி வந்திருந்தா சட்டம் எதுக்கு?

அதனால உன் நாலாவது கட்டம், 'வருமானம்', அதை மட்டும் லேசா எண்ணாத. நூறு நாள் வேலையில கம்மாய்க்குள்ள நிக்கிற பொம்பளைகளைப் பாத்து, மரத்தடியில சும்மா ஒக்காந்திருக்காகன்னு கார்ல போறவன் சிரிப்பான். அதுகளுக்கு ஒரு குழி வயலு கெடையாது. கம்மாய் நெறஞ்சா பாயிறது இன்னொருத்தன் வயலுக்கு. அவன் வயலுக்குத் தண்ணி நிக்க இவ எதுக்கு ஓசியில மண்ணு வெட்டணும்? கூலி கேக்குறது நாயந்தான். ஓசியில வரணும்னா அவளுக்கும் அந்தக் கம்மாயில ஒரு பாத்தியம் வேணும். மீன்ல பங்கு, மரத்துல பங்கு, கரையில ஆடு மேய்க்க எடம், ஏதாச்சும் ஒண்ணு.

இப்ப என் கதைக்கு வாரேன். இதை வேணா எழுதிக்க.

எங்க கம்மாய்க்கு நீர்பாய்ச்சின்னு ஒரு ஆளு இருந்தாரு. நடுச்சாமத்துல மழை கொட்டுனா நாம போத்திக்கிட்டுப் படுப்போம், அவரு அரிக்கேன் வெளக்கோட கலுங்குல போயி ஒக்காந்திருப்பாரு. நண்டு வளை, எலி வளை வழியாத் தண்ணி கசியுதான்னு கரை நெடுக நடந்து, பாதத்துலயே தடவிப் பாப்பாரு. ஈரம் சில்லுன்னு பட்டா அந்த எடத்துல வைக்கோலும் களியுமா வச்சு மிதிப்பாரு. அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லு அளக்கறப்போ, அவருக்கு அளந்துட்டுத்தான் வீட்டுக்கு மூட்டை ஏத்துவோம். அப்புறம் மடைக்கு இரும்பு ஷட்டர் வந்துச்சு. அதைத் திருகுற கைப்பிடி ஏதோ ஒரு ஆபீஸு அலமாரிக்குப் போயிருச்சு. கைப்பிடி போன அன்னைக்கே அவரும் வீட்டுல படுத்துட்டாரு. கசிவு ஆபீஸுக்குச் சொந்தம், அவரு ஏன் நனையணும்?

அவரை விடு, நான் என்ன செஞ்சேன்னு கேளு. இந்த ஊர்ல மொதல் போர் போட்டவன் நாந்தான். தண்ணி பனைமர உசரத்துக்குப் பீச்சி அடிச்சதும் கெடா வெட்டிச் சோறு போட்டேன். கரண்டுக்கும் காசு இல்ல, மோட்டாரைப் போட்டா போட்டபடி ஓடும். மறு வருசம் வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆளு கூப்பிட்டாக. நான் ஆளுக்குப் பதிலாக் காசு குடுத்தேன். அதுக்கு மறு வருசம் காசும் குடுக்கல. என்னைப் பாத்து இன்னும் பத்துப் பேரு போர் போட்டான். வரத்துக்கால்ல சீமைக்கருவேல் மண்டுச்சு. பாதி ஊருக்குக் கம்மாய் வெறும் பொட்டக்காடா, வேற காரியத்துக்குச் செம்பு தூக்கிட்டுப் போற எடமா ஆயிருச்சு.

பொறவு என் போரு காத்து அடிச்சுச்சு. இன்னும் எறக்குனேன், இன்னும் எறக்குனேன். பொஞ்சாதி தாலிக்கொடி அந்தக் குழாய்க்குள்ளதான் போச்சு. ஒரு வருசம் நல்ல மழை பேஞ்சு, தப்பித்தவறிக் கம்மாயில ரெண்டு மாசம் தண்ணி நின்னுச்சு. பாத்தா என் போருலயும் ஊறுது. அம்புட்டு நாளும் கம்மாய்த் தண்ணியத்தான் பூமிக்கு அடியில திருடிக் குடிச்சிருக்கேன்னு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. மறு நா யாரும் கூப்பிடாமயே அருவாளை எடுத்துக்கிட்டு வரத்துக்கால்ல கருவேலை வெட்டப் போனேன். அங்க எனக்கு முந்தியே ஒருத்தன் நிக்கிறான். ரெண்டாவது போர் போட்டவன்! ரெண்டு பேரும் பேசிக்கல. அந்தாக்குல வெட்டிக்கிட்டே இருந்தோம்.

இதுக்கு என்ன கட்டம்? 'வெக்கம்'னு போடு.

அரிட்டாபட்டி சேதி உனக்கே தெரியும். மேலூர்ப் பக்கம். 2022ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாக, தமிழ்நாட்டுலயே மொதல் எடம். 2024 நவம்பர்ல அங்கிட்டு டங்ஸ்டன் தோண்ட ஒரு கம்பெனிக்கு ஏலம் முடிஞ்சு போச்சுன்னு சேதி. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில இருந்து மதுரை வரைக்கும் சனம் நடந்தே போச்சு. கெழவியெல்லாம் நடந்தா. அந்த மாசம் முடியுமுன்ன ஏலம் ரத்து. மலையில வல்லூறு இருக்குன்னு நடந்தாகளா, மலைக்குக் கீழ நெல்லு இருக்குன்னு நடந்தாகளா, கொலசாமி இருக்குன்னு நடந்தாகளா? ஒரு கெழவியைக் கேட்டா மூணையும் ஒரே மூச்சுல சொல்லுவா. வயலைக் காப்பாத்த வல்லூறு பேரைச் சொல்றதும், வல்லூறைக் காப்பாத்த வயலு பேரைச் சொல்றதும் நாங்க படிக்காமலே தெரிஞ்சுக்கிட்ட வித்தை. எங்க எது செல்லும்னு பாத்துச் செலவழிப்போம்.

சிங்கப்பூர்க்காரனையும் சேத்துக்க. ஊர்ல இருக்கிறப்போ கம்மாய்ப் பக்கமே தலை வச்சுப் படுக்காத பய, அங்க போயி பத்து வருசம் ஆனதும், 'நம்ம கம்மாய் எப்பிடி இருக்கு சித்தப்பு'ன்னு போன்ல அழுவுறான். ஜேசிபிக்கு வாடகை அனுப்புறான். தூரம் போனவனுக்குத்தான் கம்மாய் பெருசாத் தெரியுது. கிட்டக்க இருக்கிறவனுக்கு, உன் தாளு மாதிரி, எறும்பாத்தான் ஊருது.

பத்து வருசத்துக்கு முந்தி ஒரு கூட்டம் வந்து எங்க பள்ளிக்கூடத்து ஓரமா அம்பது கன்னு நட்டுச்சு. பச்சை பனியன், தொப்பி, பாட்டில் தண்ணி. ஒவ்வொரு கன்னுக்கும் இரும்புக் கூண்டு, கூண்டுல பேரு. கூண்டு அருமையான கூண்டு தாயி. கன்னு கருகிப் போச்சு. அந்தக் கூண்டுல ஒண்ணு எங்க கொல்லையில கோழிக்கு ஆகியிருக்கு. நீ மோரு குடிக்கிறதுக்கு முந்தி ஒரு சேவல் கத்துச்சே, அது ஒரு பெரிய மனுசர் பேருக்குள்ள இருந்துதான் கத்துச்சு. எந்த எடத்துல என்ன மரம் வரும்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அங்க பாறை இருக்கு, கெழக்க வைய்யின்னு சொல்லியிருப்போம். கேக்கல. கேக்காத கன்னுக்கு எவன் தண்ணி ஊத்துவான்?

நீ கேட்டுட்ட. கட்டம் போட்டுத்தான் கேட்ட, இருந்தாலும் கேட்டுட்ட. அதனால ஒரு காரியம் சொல்றேன். இன்னைக்கு ராத்திரி பேத்தியோட படுத்துக்க. நாளைக்கு விடிய எங்க கம்மாயில மீன்பிடி. தண்ணி முழங்காலுக்கு வத்திருச்சு. இந்த வருசம் மீன்பாசியை ஏலம் விடாம ஊருக்கே விட்டுட்டோம். சுத்துப்பட்டு ஊரெல்லாம் வரும், கீழப்பட்டிக்காரனும் வருவான். எல்லாரும் கரையில வரிசையா நிப்பாக, ஒருத்தரும் கால் நனைக்கக் கூடாது. நான் கலுங்குல ஏறி வெள்ளைத் துண்டை வீசுனாத்தான் எறங்கணும். அந்த ஒரு நிமிசம் எறநூறு முந்நூறு பேரும் மூச்சு விடாம என் துண்டையே பாப்பாக பாரு, கலெக்டருக்குக் கூட அப்பிடி நின்னதில்ல. நான் வேணும்னே கொஞ்சம் தாமசம் பண்ணுவேன்.

வரத்துக்கால் வெட்டுக்கு வராத வீட்டுக்காரனுக்கும் மீன் உண்டு, அதைத் தடுக்கிறதில்ல. ஆனா அவன் எறங்குறப்போ எல்லாரும் ஒரு தரம் திரும்பிப் பாப்பாக. போன தடவை அப்பிடிப் பார்வை பட்ட ஆளுல நாலு பேரு இந்தத் தடவை அருவாளோட வந்துட்டான்.

பேனாவைக் குடு. 'பிற'ல நானே எழுதுறேன். வி... ரா... ல். இந்தா, எடம் சரியாத்தான் இருக்கு. தாளை மடிச்சு மாடத்துல வையி, நாளைக்கு நனைஞ்சு போகும். செருப்பு வேணாம், சகதி இழுத்துக்கும். ஊத்தா நான் தாரேன், மூங்கி ஊத்தா, எங்கய்யா காலத்தது, பாத்து அமுக்கு. விரால் மாட்டுனா தலை எனக்கு, நடுக்கண்டம் உனக்கு. கெளுத்தி மாட்டுனா மட்டும் கையை விட்டுராத, முள்ளு குத்தும். என்னைக் கூப்பிடு.